உயரம் போதாது என்று திருப்பி அனுப்பினால்

பொழுதுபோக்குப் பூங்காவில் ரைடில் ஏற அவ்வளவு நேரம் வரிசையில் நின்ற பிறகு, உயரம் போதாது என்று சின்னவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அதனால் பெரியவளும் ஏற முடியாமல் போனது என்று எழுதியிருந்தீர்கள், படிக்கவே கஷ்டமாக இருந்தது. அடுத்த முறை வீட்டிலேயே சுவரோடு நிறுத்தி அளந்துவிடுங்கள். பெரிய ரோலர் கோஸ்டர்கள் பலவற்றுக்கு 120 செ.மீ. அல்லது அதற்கு மேல் கேட்பார்கள். எதில் ஏற முடியாது என்பதை முந்தின நாளே அவனிடம் சொல்லிவிடுங்கள், வாசல்வரை போய்த் திரும்புவதுதான் குழந்தைக்குத் தாங்காது.

அப்புறம், வரிசையில் நுழையும் முன்பே ஊழியரிடம் மாறி மாறி ஏறும் வசதி உண்டா என்று கேளுங்கள். டிஸ்னி பூங்காக்களில் ரைடர் ஸ்விட்ச் என்பார்கள்: நீங்கள் பெரியவளோடு ஏறிவிட்டு வரும்வரை உங்கள் துணை சின்னவனோடு இருப்பார், பிறகு முழு வரிசையும் மறுபடி நிற்காமல் ஆள் மாறிக்கொள்ளலாம். பல இடங்களில் நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.