பழைய பிக்கப்புக்கு எந்த இன்ஜினை எடுத்துச் செய்வது: வண்டியில் இருப்பதையா, காயலான் கடை டி.ஐ.யையா, பியூஜோவையா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்கு ஓடும் பழைய மஹிந்திரா பிக்கப். டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்ஷன்) டீசல் இன்ஜின், 2523 சிசி. ஆயில் குடிக்கிறது, நீலப் புகை வருகிறது, லோடு ஏற்றினால் இழுவை இல்லை. கையில் மூன்று வழி: வண்டியில் இருக்கும் இன்ஜினையே இறக்கி முழு வேலை பார்ப்பது, காயலான் கடையில் இன்னொரு டி.ஐ. வாங்கி அதைச் செய்வது, அல்லது தெரிந்தவர் தருகிறேன் என்று சொல்லும் பியூஜோ எக்ஸ்டி3பி இன்ஜினை (2498 சிசி) செய்து மாட்டுவது.

பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடல்) விரிசல் இல்லை, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இன்னும் ஒரு கிரைண்டிங் (தேய்ந்த மேற்பரப்பைக் கல்லில் சீவுவது) தாங்கும் என்றால் வண்டி இன்ஜினையே செய்யுங்கள். இரண்டில் ஒன்று போயிருந்தால் அடுத்தது இன்னொரு டி.ஐ. இந்த வண்டிக்கு பியூஜோ வேண்டாம்.

பியூஜோ மோசமான இன்ஜின் என்று சொல்லவில்லை. அதன் போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 94 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. டி.ஐ.க்கு போர் 88.9, ஸ்ட்ரோக் 101.6. சிசி ஏறக்குறைய ஒன்றுதான், குணம் வேறு. டி.ஐ. நேராக பிஸ்டன் தலையில் டீசல் தெளிக்கும். எக்ஸ்டி3பி ஹெட்டுக்குள் (பிளாக்கின் மேல் மூடி) இருக்கும் சின்ன அறையில் தெளித்து எரிய வைக்கும், அதனால்தான் அதற்கு ஹீட்டர் பிளக் வேண்டும். சத்தம் குறைவு, ஆர்.பி.எம். நன்றாக ஏறும், ஆட்களை ஏற்றும் வண்டிக்கு நல்லது. ஆனால் அந்த அறை வழியாக வெப்பம் தண்ணீருக்குப் போய்விடும். அந்த வகை இன்ஜின்கள் பொதுவாக 10 முதல் 15 சதவீதம் அதிகம் டீசல் குடிப்பதற்கும், ஒருமுறை சூடேறினாலே ஹெட்டில் விரிசல் விடுவதற்கும் காரணம் அதுதான். ஐஸ் பெட்டியோடு மீன் ஏற்றி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரே சீராக ஓட்டுகிறவருக்கு ஆர்.பி.எம். ஏறி என்ன ஆகப்போகிறது? குறைந்த வேகத்தில் இழுவைதான் வேண்டும்.

மாட்டுகிற செலவையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெல் ஹவுசிங், பிளைவீல், கிளட்ச், ஸ்டார்ட்டர், இன்ஜின் மவுண்டிங், ரேடியேட்டர் ஹோஸ், சைலன்சர் பெண்டு, ஆக்சிலரேட்டர் கேபிள், ஹீட்டர் பிளக்குக்குத் தனி வயரிங். "இன்ஜின் மட்டும்தான்" என்று விற்கிறவரிடம் இவற்றில் பாதி இருக்காது. வேலை முடிந்தாலும் டி.ஐ.க்கு என்று வைத்த ஆக்ஸில் விகிதம் பியூஜோவுக்குப் பொருந்தாமல், டாப் கியரில் லோடு வந்ததும் கியரை இறக்கிப் போடச் சொல்லும்.

அடுத்தது ஆர்.டி.ஓ. அலுவலகம். வண்டி டி.என். 31 ஆக இருந்தாலும் பி.ஒய். 01 ஆக இருந்தாலும் ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்ற முன் அனுமதி வேண்டும். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு, நம்பரைப் பார்ப்பார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயரும் பார்ப்பார். இன்னொரு டி.ஐ. போட்டாலும் நம்பர் மாறத்தான் செய்யும், ஆனால் அதே வகை இன்ஜின், அதே எரிபொருள் என்பதால் சொல்லிப் புரியவைப்பது எளிது. எந்த இன்ஜின் வாங்கினாலும் விற்பவரிடம் பில், அது இருந்த வண்டியின் ஆர்.சி. நகல் இரண்டும் வாங்குங்கள். பிளாக்கில் நம்பர் அடித்த இடம் கிரைண்டர் வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்ஜினை இறக்குவதற்கு முன் ஒரு அரை நாள் செலவு செய்யுங்கள். நீலப் புகை என்றாலே ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) போயிற்று என்று முடிவு கட்டுகிறார்கள். உங்களுடையது டர்போ உள்ள டி.ஐ. என்றால் முதலில் டர்போவிலிருந்து இன்டேக்குக்குப் போகும் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். லேசான ஈரம் சகஜம். ஆயில் தேங்கி வழிந்தால் டர்போ சீல் போயிருக்கிறது, முழு இன்ஜின் வேலை தேவையே இல்லாமல் போகலாம். அப்புறம் இன்ஜின் சூடான பின் ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து வையுங்கள். ஆவி புஸ்புஸ் என்று தள்ளினால் ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன. ஆவி அதிகம் இல்லாமல், கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் ஒரு கொத்து நீலப் புகை வந்தால் வால்வு கைடு, ஆயில் சீல் பக்கம் பாருங்கள்.

கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரின் அழுத்தத்தையும் எடுங்கள். அளவு மேனுவலில் உள்ளதை விடக் கொஞ்சம் குறைந்திருந்தாலும் நான்கும் ஒன்றாக இருந்தால் நிதானமாக யோசிக்கலாம். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைந்த சிலிண்டரில் தனிப் பிரச்சினை இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினுக்குச் செய்கிற மாதிரி ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி எடுக்கும் பழக்கத்தை டீசலில் விடுங்கள். பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடமே கொஞ்சம்தான். ஆயில் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு பொய்க் கணக்கு காட்டும், அதிகமானால் கன்ராடையே (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) வளைத்துவிடும்.

காயலான் கடை இன்ஜினுக்கு வருவோம். நம் ஊரில் இதில் ஒரு தனி ஆபத்து உண்டு: வெள்ளம் குடித்த இன்ஜின். 2011 தானே, 2015 மழை, 2024 ஃபெஞ்சல், அதை ஒட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று கடலூரிலும் புதுச்சேரியிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் ஏராளம். அதில் எத்தனை பிரிக்கப்பட்டு இன்ஜின் மட்டும் வெளியே வந்ததோ. வெளியே தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, சில்வர் பெயின்ட் அடித்து நிறுத்தியிருப்பார்கள். ஆகவே புதுப் பெயின்ட்டைப் பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள்.

வாங்கும் முன் ஹெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பேரம் அங்கேயே முடிந்தது. கழற்றியதும் கிராங்கைக் கையால் சுற்றி ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளாக் முகத்திலிருந்து அது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று டயல் கேஜில் எடுங்கள். மூன்று ஒரே அளவில் நின்று ஒன்று மட்டும் 0.2 மி.மீ. தாழ்ந்து நின்றாலும் அந்தக் கன்ராடு வளைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் இன்ஜின் தண்ணீரை உறிஞ்சினால் தண்ணீர் அமுங்காது, ராடுதான் மடங்கும். சிலிண்டர் சுவரில் ஒரே உயரத்தில் வட்டமாகத் துரு அரித்த கோடு இருந்தால் அது ரிங் ஒட்டி நின்ற இடம், ஈரத்தோடு பல மாதம் கிடந்திருக்கிறது. சம்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) காபி நிறக் குழம்பு, கோர் பிளக் (பிளாக்கின் தண்ணீர்ப் பாதையை அடைக்கும் வட்டத் தகடு) ஓரத்தில் வெள்ளை உப்புப் பூத்தல் இரண்டையும் பாருங்கள். வெள்ளை உப்பு இருந்தால் அந்த வண்டி வாழ்நாள் முழுக்க போர்வெல் தண்ணீரில்தான் ஓடியிருக்கிறது, உள்ளே வாட்டர் ஜாக்கெட் (சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் இடம்) அரித்திருக்கும்.

இனி எந்த இன்ஜினாக இருந்தாலும் பொதுவான அளவுகள். கிராங்கை முதலில் அளக்கவும், பணத்தை முடிவு செய்வது அதுதான். ஒவ்வொரு ஜர்னலிலும் (கிராங்கில் பேரிங் பிடிக்கும் வட்டப் பகுதி) மைக்ரோமீட்டரை இரண்டு இடத்தில், ஒவ்வொன்றிலும் 90 டிகிரி திருப்பி, ஆக நான்கு அளவு எடுக்க வேண்டும். கிரைண்டிங் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாகப் போகும், பட்டறையில் இதையே பத்து, இருபது, முப்பது, நாற்பது சைஸ் என்பார்கள். ஸ்டாண்டர்டிலோ பத்திலோ இருக்கும் கிராங்க் நல்ல சொத்து. முப்பது ஏற்கெனவே போட்டிருந்தால் அந்த இன்ஜினைச் செய்வதை மறுபடி யோசியுங்கள். கிரைண்டிங் முடிந்து வரும்போது ஜர்னலின் இரு ஓரத்திலும் இருக்கும் வளைவு அப்படியே இருக்கிறதா என்று விரல் நகத்தை வைத்துப் பாருங்கள். கல்லின் முனையைச் சீர் செய்யாமல் விட்டால் அந்த வளைவு கூர்மையான மூலையாகிவிடும். கிராங்க் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

டி.ஐ.யில் டிரை லைனர், அதாவது பிளாக்குக்குள் அடித்து இறக்கும் சிலிண்டர் ஸ்லீவ். போர் தேய்ந்தால் பழைய ஸ்லீவைத் தள்ளிப் புதுசு அடித்து, ஸ்டாண்டர்ட் அளவுக்கு போர் போட்டு (உள்ளே கடைந்து) ஹோனிங் (சுவரைக் கல்லால் தேய்ப்பது) செய்து ஸ்டாண்டர்ட் பிஸ்டனே போடலாம். வண்டி இன்ஜினையே செய்யச் சொல்வதற்கு இது பெரிய காரணம்: போர் எத்தனை முறை தேய்ந்தாலும் பிளாக் செத்துப்போகாது. ஒரு எச்சரிக்கை, பிஸ்டனைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போர் போடச் சொல்ல வேண்டும். எவ்வளவு இடைவெளி என்பது பிஸ்டன் பெட்டிக்குள் இருக்கும் சீட்டில் இருக்கும், லேத்காரரின் கைக்கணக்கில் இல்லை. ரிங்கைப் போரின் அடிப்பகுதியில் விட்டு பிஸ்டனால் நேராகத் தள்ளி, ரிங்கின் வாயை (இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி) ஃபீலர் கேஜில் பாருங்கள். இந்த அளவு போருக்கு 0.30 முதல் 0.40 மி.மீ. சுற்றி வர வேண்டும். வாய் மூடிக்கொண்டால் சூட்டில் முட்டி ரிங் உடையும்.

ஹோனிங் முடிந்த பிளாக்கை டீசலில் மட்டும் கழுவுவது நம் பட்டறைகளின் தீராத வியாதி. கல்லின் தூள் டீசலுக்கு வராது. சோப்புத் தூள் கலந்த வெந்நீரும் பிரஷ்ஷும் வேண்டும். கழுவித் துடைத்து, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் சுவரைத் தேய்த்தால் துணி சாம்பல் நிறமாகக் கூடாது. ஆயில் கேலரி (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் துளை) பிளக்குகளையும் கழற்றி உள்ளே பிரஷ் விட வேண்டும். இதைச் செய்யாமல் மூடிய இன்ஜினில் புது பேரிங் சீக்கிரமே கோடு விழுந்து கிடக்கும்.

ஹெட்டை பிரஷர் டெஸ்டுக்குக் கொடுங்கள், வால்வு சீட்டுகளுக்கு நடுவில்தான் விரிசல் ஒளிந்திருக்கும். நேர்விளிம்பு வைத்து 0.05 மி.மீ. ஃபீலர் நுழைந்தால் பேஸிங் (ஹெட்டின் முகத்தைச் சீவிச் சமமாக்குவது) தேவை. ஆனால் பேஸிங் போட்டால் வால்வு அந்த அளவு பிஸ்டன் பக்கம் வரும், ஆகவே வால்வு எவ்வளவு உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அளந்து சீட்டையும் வெட்ட வேண்டும். இரண்டையும் வேறு வேறு கடையில் செய்தால் இதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

நாசிலும் பம்பும் பழசோடு பழசாக மாட்டாதீர்கள். ஒழுகும் நாசில் புதுப் போரில் ஆயிலைக் கழுவி எடுத்துவிடும், பிஸ்டன் தலையையும் உருக்கும். பம்ப்பை டெஸ்ட் பெஞ்சில் காலிபரேஷன் செய்து சீல் வைத்து வாங்குங்கள். புகைச் சான்றுக்கும் அதுதான் உதவும். பி.எஸ்.4 (மாசு விதியின் ஒரு கட்டம்)க்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிஜ் அலகு (புகை அடர்த்தி அளவு).

உங்கள் வண்டியில் இரண்டு விஷயம் கூடுதல். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் சேஸிஸோடு நிற்காது, சம்ப் தகடு, ஸ்டார்ட்டர், எர்த் வயர் முனை வரை தின்னும். இன்ஜின் கீழே இருக்கும்போதே சம்பைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து, பெட்டியின் வடிகுழாயை பின்சக்கரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் விடுங்கள். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் வேண்டாம், கூலன்டும் டிஸ்டில்டு தண்ணீரும்தான். "நம்ம ஊர் சூட்டுக்குத் தேவையில்லை" என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வைத்தால் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். இன்ஜின் பாதிச் சூட்டிலேயே ஓடினால் போர் சீக்கிரம் தேயும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு டீசலை நிறுத்தி வைத்து, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டு கிராங்க் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆன பின் மணிக்கணக்கில் ஐடிலில் விடுகிற வழக்கம் கெடுதல், ரிங் படியாமல் போர் வழுவழுப்பாகி ஆயில் குடிப்பது நிரந்தரமாகும். சூடானதும் பாதி லோடில் ரோட்டுக்கு எடுத்து, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். 500 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, மேனுவல் சொல்கிறபடி ஹெட் போல்ட் டார்க்கை மறுபடி பார்த்து, டேப்பட் (வால்வு இடைவெளி) வைத்துவிட்டு, அதன் பிறகு முழு லோடு ஏற்றலாம்.

இதே கேள்வி டாடா 207 (497 இன்ஜின், 2956 சிசி) வைத்திருப்பவர்களுக்கும் வரும். போர், கிராங்க் அளவுகளும் உதிரிபாகமும் வேறு, தேர்வு செய்யும் வரிசை இதேதான்.