வரலாற்றுப் படங்களில் கறுப்பின நடிகர்கள் நடிப்பது வரலாற்றுப் பிழையா?

டியூடர் அரச மரபினர் ஆண்ட 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைக் காட்டும் படத்தில் கறுப்பின நடிகர் தோன்றினால் அது வரலாற்றுப் பிழைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லா இடத்திலும் அப்படிச் சொல்லிவிட முடியாது. மன்னர் எட்டாம் ஹென்றி 1511ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டரில் நடத்திய வீரவிளையாட்டு விழாவைச் சித்தரிக்கும் நீண்ட ஓவியச் சுருளில், குதிரைமீது அமர்ந்து வரும் எக்காளக் கலைஞர்களுக்கு நடுவே தலைப்பாகை அணிந்த கறுப்பர் ஒருவர் இரண்டு இடங்களில் காணப்படுகிறார். ஜான் பிளாங்க் என்று அறியப்படும் அவர் நாளொன்றுக்கு 8 பென்ஸ் ஊதியம் பெற்றதும், அதை இரட்டிப்பாக்கும்படி மன்னரிடமே விண்ணப்பித்ததும் பதிவாகியுள்ளன. அக்கால அரசவையில் வெள்ளையர் மட்டுமே இருந்தனர் என்ற எண்ணத்தை நமக்கு ஊட்டியவை பெரும்பாலும் பழைய திரைப்படங்களே.

ஆனால், 2021ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரில் எட்டாம் ஹென்றியின் இரண்டாம் மனைவியான அரசி ஆன் போலின் வேடத்தைக் கறுப்பின நடிகை ஜோடி டர்னர்-ஸ்மித் ஏற்றது வேறு வகையைச் சேர்ந்தது. அரசி கறுப்பினத்தவர் என்று அத்தொடர் வாதிடவில்லை. நடிகரின் நிறத்தை ஒரு தடையாகக் கொள்ளாமல் அது வேடம் தந்தது. புனைவுக்கு அந்த உரிமை உண்டு என்றே உறுதியாகக் கருதுகிறேன். ஆவணப்படம் என்று தன்னை அறிவித்துக்கொள்ளும் படைப்போ, தான் காட்டும் ஒவ்வொரு முகத்துக்கும் சான்று காட்டக் கடமைப்பட்டது.