ஃப்ரீலான்ஸ் மெடிக்கல் கோடிங்: டெல்டாவிலிருந்து வந்த கேள்விகள்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் வீட்டிலிருந்தே அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகளைப் (மருத்துவக் குறிப்புகளை) படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் காப்பீட்டு பில்லுக்கான கோட் போடுகிறவர்களும், போட நினைக்கிறவர்களும் கேட்டவை இவை. பதில் சொல்பவர் சிபிசி, சிஆர்சி என்ற இரண்டு கோடிங் சான்றிதழ்த் தேர்வுகளும் முடித்து, மற்றவர்கள் போட்ட கோடைச் சரிபார்க்கும் ஆடிட்டராக இருக்கிறார்.

அக்கா, பி.எஸ்சி விலங்கியல் முடிச்சிட்டேன். சிபிசி பாஸ் பண்ணினா நேரா ஃப்ரீலான்ஸ் ஆரம்பிச்சிடலாமா? (கும்பகோணம்)

வேண்டாம் தம்பி. சிபிசி தேர்வில் 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. கோட் புத்தகங்களைப் பார்த்தே எழுதலாம். ஆனால் அனுபவம் இல்லாமல் பாஸ் செய்தால் பெயருக்குப் பின்னால் சிபிசி-ஏ என்றுதான் வரும். அந்த 'ஏ' பயிற்சி நிலையைக் குறிக்கும். இரண்டு வருட வேலை அனுபவத்தைக் காட்டினால் அது போகும். 80 மணி நேரப் பயிற்சிச் சான்று இருந்தால் ஒரு வருட அனுபவம் போதும்.

ஃப்ரீலான்ஸில் உங்களுக்குப் பின்னால் ஆடிட்டர் கிடையாது. தப்பு போனால் நேரே கிளையன்ட் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் பில்லில், அதாவது க்ளெய்மில்தான் தெரியும். திருச்சியிலோ சென்னையிலோ ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் இருந்து, ஒரே ஸ்பெஷாலிட்டியில் ஆடிட்டில் தொடர்ந்து 95 சதவீதத்துக்கு மேல் எடுத்த பிறகு வெளியே வாருங்கள்.

நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். சார்ட்டில் சர்க்கரை நோய், சிகேடி (நாள்பட்ட சிறுநீரக நோய்) இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்றால் மற்றொன்று வந்தது என்று டாக்டர் எழுதவில்லை. சேர்க்கலாமா? (மன்னார்குடி)

சேர்க்க வேண்டும். நோய்க் கோட் புத்தகமான ஐசிடியின் இண்டெக்ஸில் 'டயபடீஸ்' என்பதன் கீழே 'வித்' என்று போட்டு சிகேடி வருகிறது. அங்கே அப்படி வந்தால், டாக்டர் இணைத்து எழுதாவிட்டாலும் இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே ஐசிடி விதி எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. வேறு காரணத்தால் வந்தது என்று டாக்டர் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் பிரிக்கலாம். ஆகவே டைப் 2 என்றால் இ11.22, அதோடு சிகேடி எந்த ஸ்டேஜ் என்பதற்கு என்18 வரிசை. ரத்தக் கொதிப்பும் இருந்தால் அதற்குத் தனியாக ஐ10 போடக்கூடாது. அதுவும் சிறுநீரகத்தோடு இணைந்து, ஸ்டேஜ் 1 முதல் 4 வரை ஐ12.9 ஆகும், ஸ்டேஜ் 5 என்றாலோ டயாலிசிஸில் இருக்கும் இறுதி நிலை என்றாலோ ஐ12.0. இன்சுலின், மாத்திரை இரண்டையும் தொடர்ந்து எடுக்கிறார் என்றால் இசட்79.4, இசட்79.84 இரண்டும் வேண்டும்.

நர்ஸ் வேலை பார்த்தவர்கள் சறுக்குவது இங்கே இல்லை, ஸ்டேஜில்தான். ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 38 என்று லேப் ரிப்போர்ட்டில் பார்த்ததுமே '3பி' என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். கை தானாக என்18.32 என்று அடிக்கும். டாக்டர் ஸ்டேஜ் எழுதவில்லை என்றால் அந்தக் கோட் உங்களுடையது இல்லை, என்18.9 போடுங்கள், அல்லது டாக்டருக்குக் க்வெரி அனுப்புங்கள். க்வெரியில் '3பி தானே?' என்று கேட்கக்கூடாது. லேப் மதிப்பை எழுதி, 'சிகேடியின் ஸ்டேஜைக் குறிப்பிட முடியுமா?' என்று மட்டும் கேளுங்கள்.

'நிமோனியாவாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தால்? (திருவாரூர்)

அவுட்பேஷன்ட் சார்ட்டில் 'இருக்கலாம்', 'சந்தேகம்', 'ரூல் அவுட்' எதையும் நோயாகக் கோட் செய்யக்கூடாது. இருமலுக்கு ஆர்05 வரிசை, காய்ச்சலுக்கு ஆர்50.9 என்று அறிகுறிகளோடு நிறுத்துங்கள். அட்மிட் ஆன நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் மருத்துவமனைக்காகக் கோட் போடும்போது, அதே வார்த்தை இருந்தால் நோய் இருப்பதாகவே கோட் செய்யலாம். அதே நோயாளிக்கு டாக்டர் தரப்பு பில்லைப் போடும்போது மறுபடியும் அவுட்பேஷன்ட் விதிதான். ஒரே நாளில் இரண்டு வகை சார்ட்டும் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

அப்போ எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் ரேடியாலஜிஸ்ட் நிமோனியா என்று உறுதியாக எழுதியிருந்தால்? (அதே திருவாரூர்)

அவரும் டாக்டர்தான். ரேடியாலஜி சார்ட்டுக்குக் கோட் போடும்போது அவர் உறுதி செய்ததை எடுக்கலாம். வெறும் லேப் எண்ணை எடுக்கக்கூடாது என்பதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மாடிஃபயர் 25 (கோடோடு சேர்க்கும் இரண்டு இலக்கக் குறி) போட்டும் டினயல் (க்ளெய்ம் நிராகரிப்பு) வருகிறது. 59 போடலாமா மேடம்? (பாபநாசம்)

இரண்டும் வேறு வேறு பூட்டுக்கான சாவிகள். 25 என்பது இ அண்ட் எம் கோடுக்கு (டாக்டர் நோயாளியைப் பார்த்துப் பரிசோதித்ததற்கான விசிட் கோட்) மட்டும். 59 இரண்டு ப்ரொசீஜர்களுக்கு நடுவே வருவது. அதை இ அண்ட் எம் மேல் போடவே கூடாது.

முழங்கால் ஊசியை எடுத்துக்கொள்வோம், அதன் கோட் 20610. போன முறையே முடிவு செய்து, இன்று ஊசிக்காக மட்டும் வந்தவருக்கு இ அண்ட் எம் கிடையாது. ஊசிக்கு முன் காலை அழுத்திப் பார்த்ததும், போடலாம் என்று முடிவெடுத்ததும் 20610-க்குள்ளேயே அடங்கிவிடும். அதே நாளில் அவருடைய ரத்தக் கொதிப்பையும் பரிசோதித்து மாத்திரையை மாற்றியிருந்தால் அது தனி வேலை. அங்கே 25 நிற்கும். சார்ட்டில் ஊசி தொடர்பான வரிகளை எல்லாம் மனதுக்குள் நீக்கிவிட்டு, மிச்சம் இருப்பதைப் படியுங்கள். அதில் ஒரு விசிட் இல்லை என்றால் 25 போடாதீர்கள்.

59 போடும் முன் என்சிசிஐ அட்டவணையை (எந்த இரண்டு கோடுகளைச் சேர்த்து பில் செய்யக்கூடாது என்று சொல்லும் பட்டியல்) திறந்து பாருங்கள். அந்த ஜோடிக்கு '0' என்று இருந்தால் எந்த மாடிஃபயரும் காப்பாற்றாது. '1' என்று இருந்தால், வேறு இடம், வேறு காயம், வேறு நேரம் என்பதற்குக் குறிப்பில் ஆதாரம் இருந்தால் மட்டும் போடலாம். டினயல் வந்ததற்காக மாடிஃபயர் மாற்றிப் போடுவது திருத்தம் ஆகாது, பொய் க்ளெய்ம் ஆகும்.

சார்ட்டுக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். கட்டுப்படியாகுமா என்று எப்படிப் பார்ப்பது? (பட்டுக்கோட்டை)

கணக்குக்காக ஒரு சார்ட் 15 ரூபாய், மணிக்கு 8 சார்ட் என்று வையுங்கள். மணிக்கு 120 என்று தோன்றும். ஆனால் 100 சார்ட் முடிக்க 12.5 மணி, லாகின், க்வெரி, மெயிலுக்கு 1.5 மணி, நீங்களே 10 சார்ட் திரும்பப் பார்க்க 1 மணி, திரும்பி வந்த 5 சார்ட்டைச் சரி செய்ய 1 மணி. ஆக 16 மணி நேரம். 1500-ஐ 16-ஆல் வகுத்தால் 94 ரூபாய்கூட இல்லை. உங்கள் சொந்த வேகத்தைப் போட்டு இதே கணக்கைப் பாருங்கள்.

ரேட்டைவிட முக்கியம், தரத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்பது. 20 சார்ட், ஒவ்வொன்றிலும் 5 கோட், மூன்று சார்ட்டில் தலா ஒரு தப்பு. கோட் வாரியாக எண்ணினால் 97 சதவீதம், சார்ட் வாரியாக எண்ணினால் 85. '95-க்குக் கீழே போனால் பணம் பிடிப்போம்' என்று ஒப்பந்தத்தில் இருந்து, எண்ணும் முறை எழுதப்படவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். ஆடிட் முடிவை மறுக்க எத்தனை நாள் அவகாசம் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

அடைமழை நேரத்தில் கரண்ட், நெட் இரண்டும் போகிறதே? (வேதாரண்யம்)

12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் தாளில் 1800 வாட்-அவர். கைக்குக் கிடைப்பது சுமார் 1000. லேப்டாப் 60, இரண்டாவது மானிட்டர் 25, மோடம் 15, ஃபேன் 70, மொத்தம் 170 வாட். கிட்டத்தட்ட 6 மணி நேரம் ஓடும். மானிட்டரையும் ஃபேனையும் நிறுத்தினால் 13 மணி நேரம்.

நெட்டுக்கு வேறொரு கம்பெனி சிம் வைத்திருங்கள். ஆனால் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் ஐபி (நெட் முகவரி) மாறும். சில கிளையன்ட்டின் வி.பி.என் (பாதுகாப்பான இணைப்பு) உள்ளே விடாது. மழைக்காலத்துக்கு முன்பே சொல்லி அதையும் அனுமதிக்கச் செய்யுங்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா கரை கடந்தபோது உங்கள் பக்கம் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அதற்கு எந்த பேட்டரியும் தாங்காது. புயல் எச்சரிக்கை வந்ததும் கையில் இருக்கும் சார்ட்டுகளைத் திருப்பி ஒப்படைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

திண்ணையிலோ ப்ரௌசிங் சென்டரிலோ உட்கார்ந்து பார்க்கலாமா? (திருத்துறைப்பூண்டி)

கூடாது. அமெரிக்காவின் 1996-ம் வருட ஹிப்பா சட்டம் நோயாளி விவரத்தைக் காக்கச் சொல்கிறது. கிளையன்ட்டோடு நீங்கள் போடும் ஒப்பந்தம் அந்தப் பொறுப்பை உங்கள் மேலும் வைக்கிறது. கதவு சாத்தக்கூடிய அறை, உங்களை மட்டும் பார்க்கும் திரை, ப்ரின்டர் இணைப்பு இல்லாத கணினி. சந்தேகம் கேட்கிறேன் என்று சார்ட்டை போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள்; பெயரை மறைத்தாலும் தேதியும் பதிவு எண்ணும் தெரியும். சந்தேகத்தை உங்கள் வார்த்தையில் எழுதிக் கேளுங்கள். வாங்கிய சார்ட்டை இன்னொருவருக்குப் பிரித்துக் கொடுப்பதும் கூடாது. சில மாநில மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) ஒப்பந்தங்களில் தரவு அமெரிக்காவை விட்டு வெளியே வரவே அனுமதி இல்லை, அதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

5,000 ரூபாய் டெபாசிட் கட்டினால் ப்ராஜெக்ட் தருகிறார்களாம். (சீர்காழி)

கட்டாதீர்கள். வேலை கொடுப்பவர் உங்களுக்குச் சோதனை சார்ட் தருவார், பணம் கேட்க மாட்டார்.

அக்டோபர் 5-ல் உட்கார்ந்து செப்டம்பர் 28 சார்ட்டைப் போடுகிறேன். எந்த வருடக் கோட்? (மயிலாடுதுறை)

சேவை நடந்த தேதிதான் கணக்கு. ஐசிடி அக்டோபர் 1-ல் மாறும், ஏப்ரல் 1-லும் சில மாற்றம் வரும். சிகிச்சைகளுக்கான சிபிடி கோட் ஜனவரி 1-ல் மாறும். செப்டம்பர் 28-ல் பார்த்த அவுட்பேஷன்ட்டுக்குப் பழைய கோட். அட்மிட் ஆனவர் என்றால் டிஸ்சார்ஜ் தேதியைப் பாருங்கள்: 28-ல் சேர்ந்து அக்டோபர் 2-ல் போனவருக்குப் புதிய கோட். பழைய புத்தகத்தைக் குறைந்தது அடுத்த வருடம் வரை எடைக்குப் போடாதீர்கள், திரும்பி வரும் க்ளெய்ம்கள் அதைத்தான் கேட்கும்.