கால் நீட்டும் அறுவை சிகிச்சைக்குப் பின்வரும் முதல் மாதங்கள்: கேள்வி பதில்

உயரத்தைக் கூட்டுவதற்காகக் கால் எலும்பை நீட்டும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் அவர்களின் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் அறுவை மருத்துவர் அல்ல. அறுவை முடிந்தவர்களை எழுப்பி உட்காரவைத்து நடக்கவைக்கும் பிசியோதெரபிஸ்ட். இந்தச் சிகிச்சை தேவைதானா என்ற விவாதத்துக்குள் போகப்போவதில்லை, ஏனென்றால் கேட்டிருப்பவர்களில் பெரும்பாலோர் அந்த முடிவைத் தாண்டி வந்துவிட்டார்கள். உங்கள் எக்ஸ்-ரேயைப் பார்த்தவர் உங்கள் மருத்துவர்தான். அவர் சொல்வதும் நான் சொல்வதும் வேறுபட்டால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: இரண்டு தொடைகளிலும் அறுவை முடிந்து நான்கு நாள் ஆகிறது. நீட்டும் வேலை இன்னும் தொடங்கவில்லை. அதுவரை அசையாமல் படுத்திருப்பதே நல்லது என்று வீட்டில் சொல்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை. எலும்பை வெட்டியபின் ஏறத்தாழ 5 முதல் 7 நாள் வரை நீட்டாமல் விடுவது வெட்டிய இடத்தில் இளந்திசு பிடிக்கட்டும் என்பதற்காகவே. கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். முழங்காலின் பின்புறத்தை மெத்தையோடு அழுத்தித் தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து விடுங்கள். மருத்துவர் அனுமதித்திருந்தால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாளுக்குச் சில முறை எழுந்து நில்லுங்கள். கால் அசையாமல் கிடந்தால் ஆழத்தில் உள்ள சிரைகளில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும். அதற்கென்று கொடுத்த மருந்தை வேளை தவறவிடாதீர்கள்.

வீட்டார் கவனிக்க வேண்டியவை வேறு உண்டு. எலும்பின் உட்குழியைக் குடைந்து ஆணி செலுத்தும்போது கொழுப்புத் துணுக்குகள் இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடையக்கூடும். முதல் மூன்று நாட்களுக்குள் மூச்சுத்திணறல், பேச்சில் குழப்பம், மார்பிலும் அக்குளிலும் சிறு சிவப்புப் புள்ளிகள் ஆகியவை தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்குப் பிந்திய வாரங்களிலும் ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் எண்ணெய் தடவி நீவிவிடாதீர்கள். அது இரத்தக்கட்டியாக இருந்தால் நீவுவதால் பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடக்கூடும்.

கேள்வி: எனக்கு வலி அதிகம் இல்லை. தினமும் 1 மி.மீ. என்பதை 1.5 ஆக்கினால் சீக்கிரம் முடிந்துவிடுமே?

பதில்: அந்த 1 மி.மீ. கணக்கு சோவியத் மருத்துவர் இலிசரோவ் வகுத்தது. சைபீரியாவின் குர்கான் நகரில் 1950-களில் தொடங்கி, வளையமும் கம்பியும் கொண்ட கருவியால் எலும்பை மெல்ல இழுத்தால் இடைவெளியில் புது எலும்பு முளைக்கிறது என்று காட்டியவர் அவர். நாளுக்கு 1 மி.மீ., அதையும் ஒரே தடவையாக இல்லாமல் கால் கால் மில்லிமீட்டராக நான்கு வேளை நீட்டுவதே அவர் வழி. மிக மெதுவாக இழுத்தால் எலும்பு முன்னதாகவே கூடிப் பூட்டிக்கொள்ளும். வேகமாக இழுத்தால் இடைவெளியில் எலும்பு நிரம்பாமல் மெல்லிய நார்த்திசு மட்டுமே மிஞ்சும். கீழ்க்காலில் இரத்த ஓட்டமும் தசைப்போர்வையும் தொடையைவிடக் குறைவு என்பதால் பலர் அங்கே 0.75 மி.மீ. அளவில்தான் போகிறார்கள். 5 செ.மீ. நீட்ட அந்த வேகத்தில் ஏறத்தாழ 67 நாள் ஆகும். நீங்கள் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது அதில் சில வாரங்கள். எலும்பு சரியாக ஊறாமல் போனால் அதைச் சரிசெய்யப் பல மாதங்கள் செலவாகும். இன்னொன்று, நீட்டத் தொடங்கிய முதல் நாட்களில் பலருக்கும் வலி குறைவுதான். தசையின் தளர்ச்சி தீர்ந்த பிறகுதான் இழுவிசை தெரியவரும்.

கேள்வி: தொடையில் காந்த ஆணி பொருத்தியிருக்கிறார்கள். மூன்றாவது வாரம். முழங்கால் 60 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. பிடித்து மடக்கிவிடச் சொல்லலாமா?

பதில்: என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது, ஆகையால் சற்று விரிவாகவே சொல்கிறேன். எலும்புக்குள் இருக்கும் அந்த ஆணி, வெளியே வைக்கும் காந்தக் கருவியால் சிறிது சிறிதாக நீண்டு எலும்பை நீட்டுகிறது. அதன்மேல் படர்ந்த தசையை நீட்ட எந்தக் கருவியும் இல்லை. தொடையின் முன்தசை இடுப்பிலிருந்து முழங்காற்சில்லைக் கடந்து கீழ்க்கால் எலும்பில் போய் ஒட்டுகிறது. எலும்பு நீண்டு தசை நீளாமல் நின்றால் அந்தத் தசை சில்லை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், முழங்கால் மடங்காது. பலங்கொண்டு மடக்கினால் தசை கிழியலாம், புது எலும்பு கோணலாம், ஆணிக்கும் திருகுக்கும் சேதம் வரலாம். எனவே பிறர் கைப்பலம் இதில் வேண்டாம்.

முதலில் சில்லிலிருந்து தொடங்குங்கள். காலை நீட்டித் தசையைத் தளரவிட்டு, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வளைவால் சில்லின் மேல் விளிம்பைப் பிடித்துக் கீழ்நோக்கி மெல்லத் தள்ளுங்கள், பிறகு இடமும் வலமும். தளர்ந்த கால் என்றால் சில்லு ஈரமான கூழாங்கல் போல வழுக்கும். இறுகியதானால் தரையில் ஒட்டியது போல நிற்கும். அது அசையத் தொடங்கினால்தான் மடக்கும் பயிற்சிக்குப் பலன் கிடைக்கும். அதன் பிறகு படுத்தபடி குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுப்பது, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு அதன் எடையாலேயே மடங்கவிடுவது ஆகியவற்றைச் செய்யுங்கள். ஒவ்வொரு நிலையிலும் குறைந்தது 30 வினாடி நில்லுங்கள். ஒரு நாளில் ஒரு மணி நேரம் ஒரேயடியாகச் செய்வதைவிட, பத்து நிமிடமாக ஆறு முறை செய்வது தசைக்கு ஏற்றது. காலையும் மாலையும் கோணமானியால் அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். வலி நாளுக்கு நாள் மாறும், டிகிரி பொய் சொல்லாது.

60 என்பது பதறவேண்டிய அளவு இல்லை, ஆனால் போகும் திசை முக்கியம். போன வாரம் 80 இருந்து இன்று 60 என்றால் இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். 45 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நீட்டுவதைக் குறைப்பதோ நிறுத்திவைப்பதோ பொதுவான வழக்கம். மடக்குவதிலேயே கவனம் வைத்து, நேராக நீட்டுவதையும் மறந்துவிடாதீர்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகத்தாலேயே நேராகாத முழங்காலோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சக்கர நாற்காலியில் நெடுநேரம் இருப்பவர்களுக்கு இடுப்பின் முன்பகுதியும் சுருங்கும். மருத்துவர் ஒப்புக்கொண்டால் நாளுக்கு இருமுறை இருபது நிமிடம் குப்புறப் படுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. கீழ்க்காலில் வளையம் போட்டு ஐந்து வாரம் ஆகிறது. குதிகால் தரையில் படவில்லை. பயிற்சி நேரம் வந்தாலே அழுகிறான். நானும் அவன் அப்பாவும் பிடித்து அழுத்தலாமா?

பதில்: அம்மா, அழுத்தவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். கெண்டைக்கால் தசை முழங்காலுக்கு மேலே தொடங்கி, குதிநாணாகக் குதிகாலில் முடிகிறது. கீழ்க்கால் எலும்பு நீளும்போது அது கணுக்காலைக் கீழ்நோக்கி இழுத்துப் பாதத்தை நுனிக்காலில் நிறுத்துகிறது. அதே தசை முழங்காலையும் மடக்கிவிடுகிறது. ஆகவே முழங்காலை நேராக வைத்துக்கொண்டுதான் பாதத்தை மேலே இழுக்க வேண்டும். மடக்கி வைத்துக்கொண்டு இழுத்தால் பாதம் மேலே வருவது போலத் தோன்றும், ஆனால் தசை நீண்டிருக்காது.

வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். நீண்ட துண்டை முன்பாதத்தில் சுற்றி, அதன் இரு முனைகளையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். தன் கையால் இழுக்கும்போது எங்கே நிறுத்துவது என்பது அவர் வசம் இருக்கும், அழுகை பாதி குறையும். இரவில் பாதத்தைக் கீழ்க்காலுக்கு 90 டிகிரியில் பிடித்து வைக்கும் தாங்கியை மாட்டிவிடுங்கள். எட்டு மணி நேரம் மென்மையாகக் கிடைக்கும் இழுப்பு, பகலில் கால் மணி நேரம் பல்லைக் கடித்துச் செய்வதைவிட மேலானது. கால்விரல்கள் உள்ளே சுருள்கின்றனவா என்றும் பாருங்கள், அவற்றையும் ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட வேண்டும். இவ்வளவு செய்தும் பாதம் 90 டிகிரியை எட்டாமல் பின்வாங்கிக்கொண்டே போனால் நீட்டும் வேகத்தைக் குறைப்பதா, வளையத்தைப் பாதத்துக்கும் நீட்டிப் பொருத்துவதா, குதிநாணை அறுவையால் நீளமாக்குவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

கேள்வி: இரண்டு நாளாகப் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போயிருக்கிறது. கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை. பயிற்சியைக் கூட்டட்டுமா?

பதில்: வேண்டாம். இது தசை இறுக்கம் இல்லை. முழங்காலின் வெளிப்பக்கத்தைச் சுற்றி வரும் நரம்பு இழுபடுவதன் அடையாளம். அடுத்த வேளை நீட்டுவதற்கு முன்பே மருத்துவரை அழையுங்கள். வேகத்தைக் குறைத்தோ சில நாள் நிறுத்தியோ, தேவைப்பட்டால் சிறிது பின்னுக்குத் திருப்பியோ விட்டால் உணர்வும் அசைவும் பெரும்பாலும் திரும்பி வரும். நாள் கடத்தினால் பாதம் தொங்கிவிடும்.

கேள்வி: இரவில் தூக்கமே வருவதில்லை. கடையில் வாங்கி ஐபுபுரூஃபன் போட்டுக்கொள்கிறேன். தவறா?

பதில்: ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மருந்துகள் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால் இந்தக் காலத்தில் பல மருத்துவர்கள் அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள், இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. எதை, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். நரம்பு எரிச்சலால் வரும் இரவு வலிக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. கடைசி வேளை நீட்டுதலைப் படுக்கும் நேரத்துக்குச் சில மணி முன்னதாகவே முடித்துக்கொள்வதும் சிலருக்குப் பயன்படுகிறது.

கேள்வி: சிகரெட்?

பதில்: ஒன்றுகூட வேண்டாம். புகைப்பவரின் எக்ஸ்-ரேயில் புது எலும்பு தாமதமாகவே வெளுக்கும்.

கேள்வி: கம்பி தோலுக்குள் நுழையும் இடத்தில் நீர் கசிகிறது. சீழா?

பதில்: தெளிந்த நீர் சிறிது கசிவது சாதாரணம். சிவந்து, சூடாகி, தொட்டால் வலித்து, கலங்கலாக வந்தால் தொற்று; சொன்னவுடன் மாத்திரையிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். கம்பியைச் சுற்றித் தோல் அசைந்தபடி இருந்தால்தான் புண் வருகிறது, எனவே அங்கே துணியைச் சற்று அழுத்தமாகச் சுற்றிவையுங்கள். இதற்குப் பயந்து பயிற்சியை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: “காலைப் பதிக்கலாம், ஆனால் ஒவ்வொரு காலிலும் 20 கிலோதான்” என்கிறார் மருத்துவர். 20 கிலோ எவ்வளவு என்று காலுக்கு எப்படித் தெரியும்?

பதில்: நல்ல கேள்வி, பலர் கேட்காமலேயே ஆணியை வளைத்துக்கொள்கிறார்கள். எடை பார்க்கும் கருவியைத் தரையில் வையுங்கள். அதே உயரத்துக்கு ஒரு பலகையைப் பக்கத்தில் போட்டு, வாக்கரைப் பிடித்தபடி ஒரு காலைக் கருவியிலும் மறு காலைப் பலகையிலும் வைத்து, முள் 20-ஐத் தொடும்வரை மெல்ல இறங்குங்கள். கண்ணை மூடி அதே அளவை மறுபடி கொண்டுவரப் பாருங்கள். தினமும் செய்தால் ஒரு வாரத்தில் பாதத்துக்கு அந்த அளவு பிடிபடும்.

இரு கால்களிலும் அறுவை செய்தவர்கள் இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவர் இரு கால்களிலும் தலா 20 கிலோ ஊன்றி நின்றால் மீதி 20 கிலோவைக் கைகள் தாங்குகின்றன. ஓர் அடி எடுத்துவைக்க ஒரு காலைத் தூக்கும் கணத்தில் அது 40 கிலோ ஆகிவிடும். கைகளால் அவ்வளவு தாங்க முடியாதவர்களைத்தான் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் கழிவறைக்கும் மாறுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். இதைச் சோம்பல் என்று நினைத்து வீம்புக்கு நடந்துபார்க்க வேண்டாம். எக்ஸ்-ரேயில் முன், பின், இடம், வலம் என்ற நான்கு பக்கங்களில் மூன்றிலாவது புது எலும்பின் சுவர் தொடர்ச்சியாகத் தெரிந்த பிறகே முழு எடைக்கு அனுமதி கிடைக்கும்.

கேள்வி: 6 செ.மீ. நீட்டி முடித்துவிட்டேன். இனி பிசியோதெரபியை நிறுத்தலாமா? நடக்கும்போது வாத்து போல ஆடுகிறேன்.

பதில்: நீட்டி முடிந்த நாளில் உங்கள் புது எலும்பு பாதி வெந்த செங்கல். அது கெட்டிப்பட ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒரு மாதத்துக்கும் மேல் எடுக்கும், ஆக உங்களுக்கு அரை ஆண்டுக்குக் குறையாது. தசைக்கு வரும் நல்ல காலம் இதுதான், இனி எலும்பு இழுக்காது என்பதால் முன்பு இழந்த டிகிரிகள் வாரத்துக்கு வாரம் திரும்பிவரும். இப்போது நிறுத்தினால் அந்த இறுக்கம் நிலைத்துவிடும்.

ஆட்டம் இடுப்பின் பக்கவாட்டுத் தசை தளர்ந்ததால் வருகிறது. ஒருக்களித்துப் படுத்து மேற்காலை முழங்கால் மடங்காமல் ஒரு சாண் உயர்த்தி இறக்குங்கள். கால் முன்னால் நழுவினால் வேறு தசை வேலையைத் திருடிக்கொள்கிறது என்று பொருள், சுவரில் குதிகாலை உரசியபடி தூக்கினால் நழுவாது. எடை அனுமதி வந்ததும் கண்ணாடி முன் நின்று இரு இடுப்பெலும்பும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தபடி எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிப் பழகுங்கள். ஊன்றுகோலை ஆட்டம் நின்ற பிறகே விடுங்கள். ஆடிக்கொண்டே கோலை விட்டவர்களுக்கு அந்த நடை பழக்கமாகி, எலும்பு கூடி ஓராண்டு ஆன பிறகும் என்னிடம் நடை பழக வருகிறார்கள்.