'எதுவரைக்கும்?' – யூடூ பாடல்களும் விசுவாசமும்: கேள்வி பதில்

அயர்லாந்தின் யூடூ ராக் குழு, அதன் பாடகரும் பாடலாசிரியருமான போனோ, அவருடைய கிறிஸ்தவ விசுவாசம் ஆகியவை பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: யூடூ கிறிஸ்தவ இசைக்குழுவா?

அப்படிச் சொல்ல மாட்டேன். குழுவின் நால்வரில் போனோ, தி எட்ஜ், லாரி மல்லன் மூவரும் தொடக்க காலத்தில் டப்ளினில் ஷாலோம் என்ற ஜெபக்குழுவில் இருந்தார்கள். பேஸ் கிடார் வாசிக்கும் ஆடம் கிளேட்டன் சேரவில்லை. ஆனால் அவர்கள் பாடியது ராக் மேடையில், எல்லோருக்கும்.

கேள்வி: தேடியது இன்னும் கிடைக்கவில்லை என்று 1987-இல் பாடினாரே, அது அவிசுவாசம் இல்லையா?

சபையிலும் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். கடைசிச் சரணத்தைக் கவனியுங்கள். என் கட்டுகளை அறுத்தவர் நீர், என் வெட்கத்தின் சிலுவையைச் சுமந்தவர் நீர், நான் நம்புவது உமக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுத்தான் பல்லவிக்குத் திரும்புகிறார். அறிக்கை செய்த பிறகும் தேடுகிறார். வேதத்தில் அப்போஸ்தலன் பவுலும் பிலிப்பியருக்கு எழுதும்போது, தான் அடைந்தாயிற்று என்று எண்ணவில்லை, தொடர்கிறேன் என்றுதானே சொல்கிறார்? அவரை யாரும் அவிசுவாசி என்பதில்லை.

கேள்வி: இந்தத் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது?

வேதத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களிலிருந்து என்பேன். 1983-இல் வெளிவந்த 'வார்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்குப் பெயரே '40'. ஒலிப்பதிவுக் கூடத்தில் நேரம் முடியப்போகிறது, ஆடம் கிளம்பிவிட்டார், பேஸ் கிடாரை எட்ஜ் வாசிக்கிறார். அந்த அவசரத்தில் 40-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாடினார்கள். 'கர்த்தருக்காகப் பொறுமையுடன் காத்திருந்தேன்' என்று நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்த அதே சங்கீதம்தான். உளையான சேற்றிலிருந்து தூக்கியெடுத்தார் என்ற சாட்சியைச் சரணத்தில் வைத்தார் போனோ. பல்லவியிலோ 6-ஆம் சங்கீதத்தின் 'எதுவரைக்கும்' என்ற கதறலை வைத்தார். நன்றியும் முறையீடும் ஒரே மூச்சில் வருகின்றன. ஒன்றுக்காக மற்றொன்றை அவர் மூடி மறைக்கவில்லை. எனக்கு இந்தப் பாட்டு அவ்வளவு நெருக்கமானதற்குக் காரணம் இதுதான்.

பல ஆண்டுகள் கச்சேரியை இந்தப் பாட்டோடுதான் முடித்தார்கள். ஒவ்வொருவராக மேடையை விட்டு இறங்குவார்கள். கடைசியாக டிரம்ஸும் ஓயும். கூட்டம் மட்டும் 'எதுவரைக்கும்' என்று பாடிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: அவருடைய சொந்த வாழ்க்கைக்கும் இதில் பங்கு உண்டா?

நிச்சயமாக. தந்தை கத்தோலிக்கர், தாய் புராட்டஸ்டண்ட். 1974-இல் தாத்தாவின் அடக்க ஆராதனையில் மயங்கி விழுந்த தாய் சில நாட்களில் இறந்தார். போனோவுக்கு அப்போது 14 வயது. அந்த வயதில் தாயைப் பறிகொடுத்த பிள்ளையிடம் எளிதான ஆறுதல் வார்த்தைகள் செல்லாது.

கேள்வி: நானும் பாட்டு எழுதுகிறேன். ஜெபத்துக்குப் பதில் கிடைத்ததாகத்தான் முடிக்க வேண்டுமா?

வேண்டாம் தம்பி. வேதத்திலேயே 88-ஆம் சங்கீதம் இருளில் முடிகிறது. ஒருவரும் அதற்கு ஒரு நல்ல வசனத்தை ஒட்டவைக்கவில்லை. 1997-இல் வந்த 'பாப்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டையும் கேளுங்கள். இந்த உலகில் தனித்து நிற்கிறேன், உதவி செய்யும் என்று இயேசுவைப் பெயர் சொல்லி அழைக்கிறார். பாட்டுக்குள் பதில் வருவதில்லை. ஆல்பமும் அங்கேயே நின்றுவிடுகிறது.