கை வறண்டிருக்கிறது: டிரான்ஸ்ஃபரா, பாஸா?

வாசகர் கேள்வி: பிரிட்ஜில் என் பார்ட்னர் 15–17 பாயிண்டுக்கான (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1) ஒரு நோ டிரம்ப் கேட்டார், அதாவது துருப்பு இல்லாமல் ஏழு பிடி எடுப்பதாக ஏலம். என்னிடம் ஸ்பேட் 8 3, ஹார்ட் ஜாக் 9 7 6 4, டைமண்ட் ராணி 7 5, கிளப் 10 6 2. மூன்றே பாயிண்ட் என்பதால் பாஸ் சொன்னேன். இரண்டு பிடி குறைந்து தோற்றோம். டிரான்ஸ்ஃபர் சொல்லியிருக்க வேண்டுமா?

ஆமாம். இரண்டு டைமண்ட் கேட்டிருக்க வேண்டும். ‘என்னிடம் ஐந்து ஹார்ட் உண்டு, நீங்கள் இரண்டு ஹார்ட் சொல்லுங்கள்’ என்று பார்ட்னருக்குச் சொல்லும் குறிப்பு அது; அதுதான் டிரான்ஸ்ஃபர். பார்ட்னர் இரண்டு ஹார்ட் சொன்னதும் பாஸ். பாயிண்ட் இருந்தால்தான் டிரான்ஸ்ஃபர் என்று பலர் நினைக்கிறார்கள். கை வறள வறளத்தான் அதன் தேவை கூடுகிறது.

பார்ட்னரிடம் ஸ்பேட் ஏஸ் ராஜா 6, ஹார்ட் ராஜா 8 5, டைமண்ட் ஏஸ் 6 4 3, கிளப் ராஜா 9 4 இருந்ததாக வைத்துக்கொள்வோம். நோ டிரம்ப்பில் அவர் உங்கள் ஹார்ட்டை வளர்க்கப் பார்ப்பார். எதிரணி ஏஸையும் ராணியையும் எடுத்த பிறகு டம்மியில் (மேசையில் விரித்து வைத்த உங்கள் கையில்) இரண்டு சிறிய ஹார்ட் பிடிக்கத் தயாராக நிற்கும். ஆனால் பார்ட்னரிடம் ஹார்ட் தீர்ந்துவிட்டது. டம்மிக்குப் போக டைமண்ட் ராணி ஒன்றுதான் வழி. டைமண்ட் ராஜாவோ எதிரணியிடம். அந்த இரண்டு ஹார்ட்டும் பெரும்பாலும் அங்கேயே செத்துக் கிடக்கும்.

ஹார்ட் துருப்பானால் கதை வேறு. ஸ்பேட் ஏஸ், ராஜா ஆடி, மூன்றாவது ஸ்பேடை டம்மியில் வெட்டி அங்கே போய்விடலாம். எதிரணி நீளமான கிளப்பை ஓட்டினாலும் நான்காவது சுற்றில் டம்மி வெட்டும். மீதி ஐந்து ஹார்ட் 3–2 என்று பிரிந்தால் (68 சதவீத வாய்ப்பு) ஹார்ட்டில் மூன்று, ஸ்பேடில் இரண்டு, டைமண்ட் ஏஸ் என ஆறு பிடி. டைமண்ட் ராணியும் கிளப் ராஜாவும் சாதகமாக அமைந்தால் எட்டு. அமையாவிட்டால் தோல்விதான், ஆனால் நோ டிரம்ப்பில் அதைவிடப் பலமாக அடிபட்டிருப்பீர்கள்.

ஏழு பிடியில் ஒரு நோ டிரம்ப்புக்கு மதிப்பெண் 90, எட்டுப் பிடியில் இரண்டு ஹார்ட் 110. நோ டிரம்ப்பிலும் எட்டு கிடைத்தால் 120. ஆகவே துருப்பு ஒரு பிடி கூடுதலாகத் தர வேண்டும். வறண்ட கையில் அது அநேகமாகத் தரும். 5-3-3-2 அமைப்பில் ஆறேழு பாயிண்டும், ராணி, ஜாக் எல்லாம் குட்டை வகைகளிலும் இருந்தால் சிலர் பாஸ் சொல்லிப் பார்க்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன்.

கிளப், டைமண்ட் விஷயத்தில் கணக்கு மாறும். அங்கே இறங்க மூன்றாம் படிவரை, அதாவது ஒன்பது பிடிவரை ஏற வேண்டும். ஐந்து சீட்டுக்குப் பாஸ்; ஆறு இருந்தால், உங்களுக்குள் அதற்கான ஏற்பாடும் இருந்தால், ஏறலாம். நான்கே சீட்டுள்ள ஹார்ட்டுக்கோ ஸ்பேடுக்கோ டிரான்ஸ்ஃபர் கிடையாது. ஆனால் கிளப்பில் ஒற்றைச் சீட்டு, மற்ற மூன்றிலும் நான்கு நான்கு என்றால் இரண்டு கிளப் கேளுங்கள்; நான்கு சீட்டுள்ள ஹார்ட்டோ ஸ்பேடோ உண்டா என்று பார்ட்னரைக் கேட்கும் ஏலம் அது. பார்ட்னர் எதைச் சொன்னாலும் பாஸ்.

1956-இல் ஆஸ்வால்ட் ஜேக்கபி அமெரிக்காவில் பரப்பிய முறைதான் இந்த டிரான்ஸ்ஃபர். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இரண்டு டைமண்டைக் கேட்டதும் டைமண்ட்தான் என்று நம்பிப் பாஸ் சொல்லும் பார்ட்னர்கள் இருக்கிறார்கள்! ஹார்ட்டில் இரண்டே சீட்டு இருந்தாலும் அவர் இரண்டு ஹார்ட் சொல்லியே ஆக வேண்டும்.

நடுவில் எதிரணி டபுள் (தோற்றால் தண்டனையைக் கூட்டும் ஏலம்) சொன்னால் டிரான்ஸ்ஃபர் நிற்குமா, இரண்டு ஹார்ட் என்பது நேரடியாக ஹார்ட்டையே குறிக்குமா என்பதையும் ஆட்டத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். டபுள் விழுந்த ஒரு நோ டிரம்ப்பில் மூன்று பாயிண்டுடன் உட்கார்ந்திருப்பது, நீங்கள் கொடுத்த விலையைவிட மிக அதிகமாகும்.