ஆற்றில் ஒரு கால், பள்ளியில் ஒரு கால்

வாங்குவோர் கேள்வி-பதில். இம்முறை வீடு. தண்ணீர் தெரியும் வீடு, நல்ல பள்ளிக்குப் பக்கத்து வீடு, இரண்டும் ஒன்றாக அமைந்த வீடு என்று கேட்டு வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: கணவருக்குக் கடல் தெரியும் வீடு வேண்டும். எனக்கு மகளின் பள்ளிக்குப் பக்கத்தில் வேண்டும். கடல் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போக 25 நிமிடம் கூடுதலாகும். யார் சொல்வது சரி?

பதில்: பள்ளி ஆண்டுக்குச் சுமார் 200 நாள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் விட்டுவிட்டுத் திரும்புவது, மாலையில் போய் அழைத்துவருவது என்று நாளுக்கு நான்கு நடை. ஒவ்வொரு நடைக்கும் 25 நிமிடம் கூடினால் நாளுக்கு 100 நிமிடம், ஆண்டுக்கு 333 மணி நேரம். அந்த வண்டியை யார் ஓட்டப்போகிறார் என்று கணவரிடம் கேளுங்கள். "நான்" என்றால் கடலுக்கு ஓட்டுப் போடலாம். வாய் திறக்காவிட்டால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் பாதி மகளுடையது. அவளை யாரும் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. கடற்கரைக்கு நினைத்த நாளில் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். பள்ளிக்கு நினைத்த நாளில் போக முடியாது.

கேள்வி: ஆற்றங்கரையில் வீடு பார்த்தோம். பள்ளி எதிர்க்கரையில். வரைபடத்தில் 700 மீட்டர்தான். அட்வான்ஸ் கொடுத்த பிறகு பார்த்தால் பாலம் 4 கி.மீ. தள்ளி இருக்கிறது. தரகர் சொல்லவே இல்லை.

பதில்: தரகர் சொல்லவில்லை, சரி. ஆறு கண்ணெதிரேதானே ஓடியது? பள்ளி மணி அடிக்கும் நேரத்துக்கு, வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை ஒரு முறை போய்ப் பார்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் பள்ளிச் சேர்க்கைக்குத் தூரத்தை நேர்கோட்டில்தான் அளக்கிறார்கள். உங்கள் ஊரிலும் அப்படியென்றால், ஆறு குறுக்கே கிடந்தாலும் நீங்கள் "அருகில் வசிப்பவர்". இடம் கிடைத்துவிடும், பிறகு ஒவ்வொரு நடைக்கும் சுமார் 8 கி.மீ. சுற்ற வேண்டியதுதான். அட்வான்ஸ் திரும்புமா என்பது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கும். அதை வாசித்தீர்களா என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

கேள்வி: "பள்ளிகளுக்கு 10 நிமிடம், ஏரிக்கு 5 நிமிடம், எல்லா வீட்டிலும் நீர்க்காட்சி" என்று விளம்பரம் வந்திருக்கிறது. நம்பலாமா?

பதில்: என்னைக் கிளப்பிவிட்டீர்கள், இனி நிறுத்த முடியாது.

தூரத்தை நிமிடத்தில் சொல்கிறவர் எவராக இருந்தாலும் முதலில் பர்ஸை மூடுங்கள். எந்த நேரத்து நிமிடம்? விடியற்காலை நாலு மணிக்கு, விடுமுறை நாளில், சிக்னல் எல்லாம் பச்சையாக இருக்கும்போதா? எங்கிருந்து கணக்கு? வளாகத்தின் முன்கேட்டிலிருந்தா, பின்கட்டடத்தின் பதினோராவது மாடியிலிருந்து லிஃப்டுக்குக் காத்திருந்து இறங்கும் நேரத்தையும் சேர்த்தா? மீட்டரில் சொன்னால் பொய்யென்று நிரூபித்துவிடலாம். நிமிடத்தில் சொன்னால் எவனாலும் முடியாது. அதற்காகத்தான் நிமிடத்தில் சொல்கிறார்கள்.

"பள்ளிகளுக்கு அருகில்" என்பது அடுத்த ஜாலம். அருகில் இருப்பதும் இடம் கிடைப்பதும் வெவ்வேறு. பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். மனையின் பரப்பு இருக்கும், நான்கு எல்லைகளும் இருக்கும். பள்ளியில் ஓர் இருக்கை என்று எங்காவது இருக்கிறதா? ஜன்னலுக்கு வெளியே தெரியும் ஏரி இருக்கிறதா? இரண்டும் இல்லை. ஆனால் வாங்கும் விலையில் இரண்டும் இருக்கின்றன. சாண்ட்ரா பிளாக் என்ற பொருளியல் ஆய்வாளர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் புறநகர்களில், எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று பிரிக்கும் சேர்க்கை எல்லைக்கோட்டின் இருபுறமும் இருந்த வீடுகளை ஒப்பிட்டார். பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5% கூடினால் பெற்றோர் வீட்டுக்கு 2.5% கூடுதலாகத் தரத் தயாராக இருந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. அந்தக் கோட்டை வரைவது கல்வி நிர்வாகம். பிள்ளைகள் பெருகினால், புதுப் பள்ளி திறந்தால், அதை மாற்றியும் வரையலாம். உங்களிடம் கேட்டுவிட்டு வரைய மாட்டார்கள்.

காட்சியின் கதையும் இதுதான். 1610-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஆல்ட்ரெட் என்பவரின் வீட்டருகே பக்கத்து ஆள் பன்றிக் கொட்டில் கட்டிவிட்டார். நாற்றத்துக்கு ஆல்ட்ரெட் நிவாரணம் பெற்றார். ஆனால் அதே வழக்கில், காட்சி என்பது இன்பமே தவிர அவசியமல்ல, அதை மறைத்ததற்கு வழக்குப் போட முடியாது என்ற கருத்தும் பதிவாயிற்று. ஆங்கிலேயச் சட்டத்தைப் பின்பற்றும் நாடுகளில் பொதுவாக இன்றும் அதே நிலைதான். ஆகவே "நீர்க்காட்சி" என்று சொன்னால், வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கிடக்கும் காலிமனை யாருடையது, அதில் எத்தனை மாடி கட்ட அனுமதி உண்டு என்று கேளுங்கள். "பள்ளி அருகில்" என்றால், எல்லைக்கோடு கடைசியாக எப்போது மாறியது, போன ஆண்டு கடைசி இடம் பெற்ற குழந்தையின் வீடு எவ்வளவு தூரம் என்று பள்ளியிலேயே போய்க் கேளுங்கள். தரகரிடம் கேட்காதீர்கள். அவர் பத்து நிமிடம் என்பார்.

கேள்வி: எங்கள் குழந்தைக்கு 8 மாதம். நல்ல உயர்நிலைப் பள்ளி இருக்கும் பகுதியில் இப்போதே வீடு வாங்கிவிடலாமா?

பதில்: முதலில் பல் முளைக்கட்டும்.

கேள்வி: நதியோர வீட்டை விற்பவர், "30 வருஷமாக இங்கே குடியிருக்கிறேன், ஒருநாளும் வெள்ளம் வந்ததில்லை" என்கிறார். நல்ல மனிதர், பொய் சொல்பவராகத் தெரியவில்லை.

பதில்: பொய் சொல்லவில்லைதான். பொறியாளர்கள் "நூறாண்டு வெள்ளம்" என்று சொல்வது நூறு ஆண்டுக்கு ஒரு முறை முறைவைத்து வருவதல்ல. ஒவ்வோர் ஆண்டும் 1% வாய்ப்புள்ள வெள்ளம். அப்படிப்பட்ட இடத்தில் 30 ஆண்டு இருந்தால் ஒருமுறையாவது வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு 26%. பார்க்காமலே இருக்கும் வாய்ப்பு 74%. அதாவது இப்படி ஆபத்தான இடங்களில் 30 ஆண்டு இருந்தவர்களில் நாலில் மூன்று பேர் உங்கள் நல்ல மனிதரைப் போல நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியும். அவர் சொல்வது அவருடைய அதிர்ஷ்டம். அது வீட்டோடு சேர்ந்து கைமாறாது.

கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்ப்பதைவிட எவ்வளவு உயரம் என்று பாருங்கள். தாழ்வான இடத்தில் மூன்று தெரு உள்ளே இருந்தாலும் தண்ணீர் தேடிவரும். தரைத்தளத்தில் பிளக் பாயிண்டுகள் இடுப்பு உயரத்தில் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அக்கம்பக்கத்துச் சுவர்களில் கறை படிந்த கோடு தெரிகிறதா என்று பாருங்கள். வாங்குவதற்கு முன்பே வெள்ளக் காப்பீட்டுக்கு விலை கேளுங்கள். அந்தத் தொகையில் தரகரின் புன்னகை கலந்திருக்காது. மழை கொட்டும் நாளில் பாலிசி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க தேசிய வெள்ளக் காப்பீட்டில் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது அமலுக்கு வரும்.

கேள்வி: தரவரிசையில் 3-ஆவது பள்ளிக்குப் பக்கத்தில் நெருக்கடியான சிறு வீடு. 11-ஆவது பள்ளிக்குப் பக்கத்தில், அதே விலையில், ஏரிக்கரையில் தாராளமான வீடு. பையன் அங்கே நடந்தே போகலாம். மனம் ஏரியில் இருக்கிறது, ஆனால் குற்ற உணர்ச்சி.

பதில்: ஏரிக்குப் போங்கள். 1966-இல் அமெரிக்காவில் வெளியான கோல்மன் அறிக்கை பள்ளிகளை விரிவாக ஆராய்ந்து, மதிப்பெண் வேறுபாட்டில் பள்ளி வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியின் பங்கு பெரியது என்று கண்டது. தரவரிசையில் மேலே இருக்கும் பள்ளி நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது என்றும் இருக்கலாம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறது என்றும் இருக்கலாம். 11-ஆவது பள்ளியில் சுமாராகச் சேர்ந்த பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள், ஆசிரியர்கள் நிலைத்து இருக்கிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஏரியைக் கோடையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கழிவுநீரும் உரமும் கலந்த ஏரி வெயில் காலத்தில் பச்சை ஆடை போர்த்தி நாறும். அந்தப் பாசியில் சில வகை நஞ்சு; பையன் அதில் இறங்கக் கூடாது.

கேள்வி: பிரோஷரில் வளாகத்தின் நடுவே அழகான ஏரி, படகு, அன்னம் எல்லாம் இருந்தது. ஏரி பார்த்த வீட்டுக்குத் தனியாகக் கூடுதல் பணம் வாங்கினார்கள். குடிவந்த பிறகு பார்த்தால் அது மழைநீர் தேக்கும் குட்டை. ஆண்டில் பெரும்பாதி வறண்டு கிடக்கிறது, சுற்றிக் கம்பிவேலி. கேட்டால், "படம் கற்பனையே" என்று பிரோஷரின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறோமே என்கிறார்கள். நாங்கள்தான் முட்டாள்களா?

பதில்: இல்லை. நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், அவர்கள் குழப்பத்தான் பார்ப்பார்கள். பொடி எழுத்து படத்துக்கு வேண்டுமானால் சாக்காகலாம். ஏரிக்கென்று தனியாக வாங்கிய பணத்துக்கு ஆகுமா? அந்தக் கூடுதல் தொகை விலைப்பட்டியலிலோ ரசீதிலோ "ஏரி" என்ற பெயரில் இருந்தால் அதுதான் உங்கள் ஆயுதம். பிரோஷர், குறுஞ்செய்திகள், விற்பனை ஆள் அனுப்பிய படங்கள், எதையும் அழிக்காதீர்கள். அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலை வாங்குங்கள். அதில் தொடக்கத்திலிருந்தே "மழைநீர்த் தேக்கம்" என்று எழுதியிருந்தால், விற்கும்போதே அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. அதே பக்கத்து வீடுகளை வாங்கிய மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு எழுத்தில் புகார் கொடுங்கள். புகாருக்குக் காலவரம்பு உண்டு, ஆறப்போடாதீர்கள். பில்டர் அறிமுகப்படுத்தும் வக்கீல் மட்டும் வேண்டாம். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கேள்வி: கடல் பார்த்த பால்கனிக் கைப்பிடி "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்று சொல்லித்தான் விற்றார்கள். இரண்டாம் ஆண்டே பழுப்புக் கறை.

பதில்: துருவே பிடிக்காது என்ற வாக்கை நம்பி நான் வாங்கிய பால்கனி நாற்காலிகள் இப்போது யாரும் உட்கார முடியாத நிலையில் இருக்கின்றன, அதனால் உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஸ்டெயின்லெஸ்ஸில் வகைகள் உண்டு. சாதாரணமாகக் கிடைக்கும் 304 கடல்காற்றின் உப்பில் கறைபடும். 316-இல் 2 முதல் 3% மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருக்கும், உப்பை அதிகம் தாங்கும். பில்லில் எந்த எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

ஆனால் கைப்பிடி கண்ணுக்குத் தெரிகிறது. தூணுக்குள் இருக்கும் கம்பி தெரியாது. உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், மேலே கான்கிரீட் வெடித்து உதிரும். 2021 ஜூனில் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் கடலோர அடுக்குமாடி ஒன்று சரிந்து 98 பேர் இறந்தார்கள். அங்கே கான்கிரீட் சேதமாகியிருப்பதாக 2018-லேயே ஒரு பொறியாளர் எழுதிக்கொடுத்திருந்தார். பழைய கடலோரக் கட்டடத்தில் வீடு வாங்குகிறவர்கள் பொறியாளர் அறிக்கைகளையும் குடியிருப்போர் சங்கக் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். தர மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

கேள்வி: குழந்தைகளுக்கு 2 வயதும் 4 வயதும். பள்ளி அடுத்த தெரு. தோட்டம் நேரே ஏரியில் முடிகிறது. கனவு வீடு! நீச்சல் வகுப்பிலும் சேர்த்துவிட்டோம். வேறென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: வேலி. 2021-இல் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதில் ஏறக்குறைய கால்பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். குழந்தை மூழ்கும்போது பெரும்பாலும் சத்தமே கேட்காது. நீச்சல் வகுப்பு நல்லது, ஆனால் அது வேலிக்கு மாற்றல்ல. குழந்தை ஏற முடியாத வேலியும், தானே மூடிக்கொள்ளும் கதவும், குடிபோவதற்கு முன்பே வேண்டும். வேலி போட்டால் காட்சி கெடும் என்று வீட்டில் யாராவது சொன்னால் அவரிடம் என் கடிதத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: கடல்காட்சி வீடு முன்பதிவு செய்தால் தொலைநோக்கி இலவசமாம்.

பதில்: கடலைப் பார்க்கவா, தேடவா?